எண்பத்தெட்டாம் இதழை நான் இன்னும் படிக்கவில்லை

தோ பாயோ, லோரோங் எட்டு.
கோப்பிக்கடையில் எங்கள் மேசைக்கு ஒரு கால் குட்டை.
அதன் கீழ் அட்டையை மடித்துச் செருகிவிட்டு
கெங் ஹுவா தொடங்கினான்:
இரும்பு ஆந்தை புதுத் தொடர் வெறும் இரைச்சல்.
பக்கத்துக்குப் பக்கம் வெடிக்கிறது,
ஒருவனும் உட்கார்ந்து ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதில்லை.

வரைகிறவனுக்கு விரல் வராது,
அதனால்தான் எல்லாரும் முஷ்டியோடு திரிகிறார்கள்
என்றாள் நஸ்ரீன்.
கணக்கு டீச்சர். இந்த மாதம் அவள் படிப்பது
ஒரு வில்லனின் கணக்குப்பிள்ளை கதை.
எரிமலைக்குள் மறைவிடம் கட்ட
எத்தனை மூட்டை சிமெண்ட்,
கொத்தனாருக்குப் பாக்கி எவ்வளவு.
பிராஸ் பசாவில் பழைய பிரதி, கறுப்புவெள்ளை,
யாருடையதோ காப்பிக் கறையோடு எட்டு வெள்ளி.

கெங் ஹுவா லிஃப்ட் பழுது பார்க்கிறவன்.
பறக்கிறவர்கள் மேல் அவனுக்குத் தொழில்முறைக் கோபம்.
பன்னிரண்டாம் மாடிக்கு ஜன்னல் வழியே போகிறான், சரி,
சலவை இயந்திரத்தை யார் ஏற்றுவது?

செழியன் ரிசர்விஸ்ட் போயிருக்கிறான்.
அவன் நாற்காலியில் ஒரு டிஷ்யூ பொட்டலம்.

எனக்கு உப்பு மங்கை.
அவள் தொட்டது உப்பாகும்,
மழையில் நின்றால் அவளே கரைவாள்.
இந்த ஊருக்கு வந்தால்
மத்தியானம் மூன்று மணி தாண்டமாட்டாள் என்று
ஏழு வருடமாக இவர்கள் கேலி.
ஏழு வருடமாக அவள் குடையோடு வருகிறாள்,
நானும்.

"எண்பத்தெட்டு…" என்று வாயெடுத்தேன்.
கெங் ஹுவா கரண்டியை எடுத்துக் கலக்கினான்.
அது தே ஓ கோசோங்.
பாலும் இல்லை, சீனியும் இல்லை,
கலக்க அதில் ஒன்றுமில்லை.

உண்மையில் ஆந்தை அவ்வளவு மோசமில்லை
என்றாள் நஸ்ரீன்.

கைப்பேசி அதிர்ந்தது. முகாமிலிருந்து செழியன்.
எடுப்பதற்குள்
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
சுவரைத் துளைக்கும் பார்வை எனக்கு
மாதச் சம்பளத்துக்கு உண்டு.
அங்கியும் உண்டு, ஈயத்தில்,
முதுகில் பறக்காது, முன்னால் கனக்கும்.
மூச்சை இழுங்கள். பிடியுங்கள். விடுங்கள்.
திரையில் சில நாள் ஒன்றும் இருக்காது,
சில நாள் பட்டாணி,
ஒரு செவ்வாய்க்கிழமை நெல்லிக்காய்.
சட்டைப் பொத்தானைப் போட்டபடி கேட்பார்கள்:
எப்படியிருக்கு?
டாக்டர் சொல்வார் என்பேன்.
வெளியே மழையா என்பேன்.
ஜன்னலே இல்லாத அறை அது.

ஆகவே எனக்குத் தெரியும்
இந்தக் கரண்டி, இந்த ஆந்தை.
படம் துல்லியமாக விழுந்திருக்கிறது.

ஓவியம் எப்படி என்று மட்டும் கேட்டேன்.
கெங் ஹுவாவுக்குப் பொய் வராது.
"மழையை நன்றாக வரைந்திருக்கிறான்" என்றான்.
மேசைக்கடியில் நஸ்ரீனின் செருப்பு
அவன் காலில் விழுந்த சத்தம்.

மேசை துடைக்கும் ஆன்ட்டி வந்தார்,
டிஷ்யூ பொட்டலத்தைத் தூக்கி, துடைத்து,
அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

"சரி, ஆந்தை அப்படி என்னதான் செய்கிறது, சொல்" என்றேன்.
இருவரும் மூச்சை விட்டார்கள்.
பிறகு ஒரு மணி நேரம் அதை
இறகு இறகாய்ப் பிய்த்தோம்.

பிளாஸ்டிக் உறையோடு என் பையில் இருக்கிறது.
ஒட்டுநாடாவை இன்னும் உரிக்கவில்லை.
எண்பத்தேழின் கடைசிக் கட்டத்தில் அவள்
பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள்.
கையில் குடை.
மேகம் இருக்கிறதா என்று
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாயிற்று,
அச்சுப் புள்ளிகள்தான்.